கைராசிக்காரர்

"எந்தப் பக்கம்டா திருப்புற? இடது பக்கம்டா, இடது பக்கம்."

வீட்டுக்காரர் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்தினார். அங்கிருந்து பார்த்தால் சமையலறை நேராகத் தெரியும். குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நண்பர், "இடதுதான், இடதுதான்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை வலது பக்கம் இன்னொரு சுற்றுச் சுற்றினார். படக்கென்று ஒரு சத்தம். குழாய் கையோடு வந்துவிட்டது.

நண்பர் கடற்கரையில் நாலு நாள் விடுமுறையைக் கழிக்கத்தான் வந்திருந்தார். வந்த இடத்தில் உப்புக் காற்று பட்டு வீடு இருந்த லட்சணத்தைப் பார்த்தார். துருப்பிடித்த கீல், உப்பிப்போன கதவு, ஓயாமல் சொட்டும் குழாய் என்று எதற்கும் குறைவில்லை. சும்மா அலையை எண்ணிக்கொண்டு உட்கார்வதற்குப் பதில் இதையெல்லாம் சரிபண்ணித் தருகிறேன் என்று, யாரும் கேட்காமலே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒரு காலத்தில் அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரர்தான் அடிப்பார். எட்டு மாதத்துக்கு முன்பு ஏணியிலிருந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியும் விட்டது. இப்போது நடந்து பழகாவிட்டால் அப்புறம் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஆனால் மனிதரைப் பயம் பிடித்துக்கொண்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போகவும் மனைவியின் தோள் வேண்டும். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சமையலறையில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மெயின் வால்வை மூடச் சொல்லி வீட்டுக்காரர் கத்த, நண்பர் வாசல் பக்கம் ஓடினார். பின்பக்கம் என்றதும் பின்பக்கம் போய், தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு வந்து நின்றார். இப்போது இரண்டு இடத்திலும் தண்ணீர். மனைவியைக் கேட்டால், அந்த வால்வு எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

தண்ணீர் நாற்காலிக் காலைத் தொட்டது. அதற்குமேல் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்து, நிலைப்படியைப் பிடித்து, நண்பனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்வாசல்வரை போய் வால்வை மூடினார். நண்பர் இரண்டு கையையும் நீட்டியபடி, ஒன்றுக்கும் உதவாதவர் மாதிரி அவர் பின்னாலேயே போனார். மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், எதையும் தொடாதீங்க. இருக்கிற வீடாவது மிஞ்சட்டும்" என்றாள்.

அவர் கேட்டால்தானே? மறுநாள் ஜன்னல் கீலை மாற்றுகிறேன் என்று தலைகீழாகப் பொருத்தினார். கொக்கி ஒரு திசையில், கதவு ஒரு திசையில். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்தார். நாற்காலியிலிருந்து ஜன்னல்வரை யார் தோளும் இல்லை. சுவரைக்கூட ஒரு தடவைதான் தொட்டார்.

மூன்றாம் நாள் உப்பிப்போன படுக்கையறைக் கதவை இழைக்க ஆரம்பித்து, நண்பர் இடிக்காத பக்கத்தில் இழைப்புளியை வைத்தார். வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"தள்ளுடா அந்தப் பக்கம். உன் கைராசி இந்த உலகத்துல வேற யாருக்கும் வராது."

அப்புறம் அவர் நாற்காலி இருப்பதையே மறந்துபோனார். ஒரு மணி நேரம் நின்றபடியே இழைத்தார். சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தது. நெற்றியில் வியர்வை வழிய, கதவைத் திறந்தும் மூடியும் பார்த்தார். அது சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. பசிக்கிறது என்று அவராகவே கேட்டுச் சாப்பிட்டார். எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. மனைவி இரண்டாம் தடவை பரிமாறும்போது நண்பரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் நண்பர் ஊருக்குக் கிளம்பினார். வந்ததிலிருந்து கடலில் காலைக்கூட நனைக்கவில்லையே என்று வீட்டுக்காரர்தான் அவரை இழுத்துக்கொண்டு போனார். மணலில் கால் புதையப் புதைய நடந்தார்கள். பாதி வழியில் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. நண்பர் கையைக் கொடுக்க, வேண்டாம் என்று தட்டிவிட்டார். கணுக்கால்வரை அலை வந்து தொட்டது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

நண்பர் கொஞ்சம் சங்கடத்தோடு ஆரம்பித்தார். "மன்னிச்சுக்கடா. உதவி பண்றேன்னு வந்து எல்லாத்தையும் கெடுத்து, உனக்கு வேலை வச்சுட்டேன்."

வீட்டுக்காரர் கடலைப் பார்த்தபடியே அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருஷமா தொழிற்பயிற்சிப் பள்ளியில பசங்களுக்குக் குழாய் வேலையும் தச்சு வேலையும் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருடா நீ. நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

நண்பர் குனிந்து கால்சட்டையை இன்னும் கொஞ்சம் மடித்துவிட்டுக்கொண்டார்.

"அடுத்த மாசமும் வா" என்றார் வீட்டுக்காரர். "வந்து மாடியில எதையாவது உடைச்சு வை. நான் இன்னும் படி ஏறிப் பார்க்கல."