பின்னால் கடல்

அவர் மண்முட்டியைக் கவிழ்த்தார்.

சாம்பலில் கொஞ்சம் காற்றோடு போயிற்று. மற்றது நீரில் இறங்கியது. மேலே தூவிய செவ்வந்திப் பூக்கள் மட்டும் போக மனமில்லாததுபோல் அங்கேயே நின்று சுற்றின.

மனோன்மணியோடு வாழ்ந்த வாழ்வு அவ்வளவில் முடிந்தது.

வெற்று முட்டியையும் நீரில் விட்டார். கரையைப் பார்த்துத் திரும்பினார். நடந்தார்.

சாம்பல் கரைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிருக்குக் கால் எழாது. அவருடைய தகப்பனார் பார்க்கவில்லை. தகப்பனாரின் தகப்பனாரும் பார்க்கவில்லை. ஊரில் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு படியேறி வந்த மனிதர்கள்.

இங்கே படிகள் இல்லை.

மணல்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஈர மணல். அதன் மறுகரையில், விரல் நகமளவில், பிரான்ஸ்.

காலையில் சோம் குடாவில் வந்து இறங்கியபோது கடலே இருக்கவில்லை. நீலமும் மஞ்சளும் பூசிய மரக் குடில்கள் கரை நெடுக நின்றன. புகை விட்டுக்கொண்டு ஒரு குட்டி ரயில் உல்லாசப் பயணிகளை ஏற்றிப் போயிற்று. தூரத்து மணல் திட்டில் கடல்நாய்கள் படுத்திருந்தன. அவற்றைத் தொலைநோக்கியில் பார்க்கச் சனம் வரிசையில் நின்றது.

"கடல் எங்கை?" என்று மகளிடம் கேட்டார்.

பதில் மருமகனிடமிருந்து வந்தது. "கடல் போனது, மாமா. வரும். கெதியா வரும்."

லூக் இந்தக் கரையில் பிறந்தவன். அவனுக்கு இந்தத் தமிழைப் படிப்பித்தவள் மனோன்மணி. அவர் அவனோடு பேசியதில்லை. சாதியும் சமயமும் பாராமல் கௌசலா அவனைக் கட்டிய நாளிலிருந்து பேசியதில்லை.

"அப்பா, அவரும் கூட வரட்டும்" என்றாள் கௌசலா. "தண்ணி ஏறத் தொடங்கினால் நடக்கிற ஆளை முந்திப்போடுமாம்."

"நான் காரைநகரான். எனக்குக் கடலைக் காட்ட வேண்டாமெண்டு சொல்லு."

காரைநகர்க் கடல் முழங்கால் அளவில் கிடக்கும். எங்கும் போகாது. எங்கிருந்தும் வராது.

போன கோடையில் மனோன்மணி இவர்களோடு இங்கே வந்திருக்கிறாள். அவர் வரவில்லை. நாள் முழுக்கக் கடல்நாய்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். தன்னை இங்கே கரைக்கச் சொன்னாளாம்.

லூக்கிடம் சொன்னாளாம். அவரிடம் அல்ல.

அதனால்தான் கடல் ஒதுங்கிக் கிடந்த இடம்வரை தனியே நடந்து வந்தார். அவளைக் கரைக்க அவர் இருக்கிறார். வேறு கை வேண்டாம்.

நடந்தார்.

மணல் திட்டில் ஒரு கடல்நாய் தலையைத் தூக்கியது. வழுக்கி நீருக்குள் போனது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

வரும்போது காலடியில் காய்ந்து கிடந்த பள்ளத்தில் இப்போது ஒரு விரல் தண்ணீர் ஓடியது. வேறு பாதையால் வந்துவிட்டோம் என்று நினைத்தார்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

சேலை இழுபடுகிற சத்தம்.

மனோன்மணி எந்நாளும் அவருக்குப் பின்னால்தான் நடந்தாள். கோயிலுக்கும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான், ஷெல் விழுந்த நாளில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோதும் அப்படித்தான். வருகிறாளா என்று அவர் பார்த்ததில்லை. சேலைச் சத்தம் கேட்கும். அது போதும்.

இப்போதும் கேட்டது.

நெருங்கிக் கேட்டது.

கரையிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். லூக். இரண்டு கையையும் வீசினான்.

"மாமா! பின்னாலை பாருங்கோ! பின்னாலை!"

அறியாதவன் என்று நினைத்தார். எதைச் செய்யக் கூடாதோ அதையே கேட்கிறான்.

கௌசலா குடில்களுக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் பார்க்கக் கூடாதென்று அவளுக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தாள்.

"அப்பா! ஓடி வாங்கோ!"

தொலைநோக்கிகள் எல்லாம் கடல்நாய்களை விட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தன. இத்தனை சனம் பார்க்க அவர் ஓடுவதா? அவர் குடும்பத்தில் யாரும் சுடலையிலிருந்து ஓடி வந்ததில்லை.

குதிகாலில் குளிர் பட்டது.

வேட்டியை மடித்துக் கட்டவில்லை. அதே நடை. கரண்டைக்கால். கெண்டைக்கால். வேட்டி ஊறிக் கனத்தது. முழங்கால். காரைநகர்க் கடல் இந்த இடத்தில் நின்றுவிடும்.

இது நிற்கவில்லை.

முன்னால் இருந்த பள்ளம் ஆறாகியிருந்தது. அதன் நடுவில் லூக் நெஞ்சளவு நீரில் நின்று கையை நீட்டினான். மேலும் நெருங்க முடியாமல் நீர் அவனைத் தள்ளியது.

"மாமா. கை."

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

அப்போது இடது தொடையை உரசிக்கொண்டு ஒன்று போனது.

செவ்வந்தி.

பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு கொத்து, சாம்பல் நிற நுரையோடு. அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, ஒன்றாகக் கூடி, நீட்டியிருந்த அந்தக் கையை நோக்கி விரைந்து போயின.

முதல் தடவையாக மனோன்மணி அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.