இதில் பெரியவள் யார்?

"ஒரே ஒரு பொய்தானேம்மா, சொல்லேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அதிகாரியின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில், சின்னவள் அம்மாவின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சின் மறுகோடியில் பெரியவள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். 'அமைதி காக்கவும்' என்று அதில் எழுதியிருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

இரட்டைப் பிள்ளைகள். ஆஸ்பத்திரி லேபில் காலியாக இருந்ததோ ஒரே ஒரு வேலை. எழுத்துத் தேர்வில் இருவருக்கும் ஒரே மார்க். ரப்பர் கை ஒன்றைக் கொடுத்து, ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அதிலும் ஒரே மார்க். இரண்டு பேர் சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்குத்தான் வேலை என்பது அங்கே விதி. இவர்களுக்குப் பிறந்த தேதியும் ஒன்று. சான்றிதழில் நேரம் போடவில்லை. அதனால் பெற்றவர்களைக் கையோடு அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள்.

"இதுல என்ன சந்தேகம் அவங்களுக்கு?" என்றார் அப்பா. "பிறந்த அன்னைக்கே ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னவன் நான். பெரியவ பெரியவதான், சின்னவ சின்னவதான்."

"சும்மா இருங்கப்பா. அஞ்சு நிமிஷப் பெரியவ! அதுக்குள்ள ஒரு டீ கூட ஆறாது."

"நீ தலைகீழா நின்னாலும் உங்கம்மா வாயில பொய் வராது. கடைக்காரன் ஒரு தக்காளி கூடுதலாப் போட்டுட்டான்னு மழையில நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்துட்டு வந்தவ அவ."

காலையில் கிளம்பும்போது தொடங்கிய பிரார்த்தனை இன்னும் அம்மாவின் உதட்டிலேயே இருந்தது.

சின்னவள் விடுவதாக இல்லை. "சரி, பொய் வேண்டாம். அவளே விட்டுக்கொடுக்கட்டும். எப்பவும் விட்டுக்கொடுக்கிறவதானே?"

அது உண்மைதான். பஸ்ஸில் ஜன்னலோரம் சின்னவளுக்கு. புது சைக்கிள் சின்னவளுக்கு, செயின் கழன்று விழ ஆரம்பித்த பிறகு பெரியவளுக்கு. ஒருத்தியைத்தான் இப்போது படிக்க வைக்க முடியும் என்ற நிலைமை வந்தபோது, "நீ பெரியவ, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றார் அப்பா. அவளும் பொறுத்துக்கொண்டாள், ஒரு மருந்துக் கடையில் நின்றபடி. தங்கை படித்து முடித்து ஒரு தனியார் லேபில் சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் புத்தகப் பை வந்தது. கடை வேலையை மட்டும் அவள் இன்னும் விடவில்லை.

பெரியவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அவளே எடுத்துக்கட்டும்மா. எனக்குக் கடை பழகிடுச்சு."

அம்மாவின் உதடு சட்டென்று நின்றது. திரும்பி அவளையே பார்த்தாள்.

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சில் வார்த்ததுபோல் நின்றார்கள். அதில் அவருக்கு ஒன்றும் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

"சார், நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"நீங்க சொல்லக் கூடாது. பெத்தவங்க சொல்லணும்."

"நானும் பெத்தவன்தானே சார்?"

"நீங்க வராண்டாவில நின்னு பெத்தவர். உட்காருங்க." அம்மாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. இதுல பெரியவ யாரு?"

அம்மா கண்ணை மூடினாள். கடவுளே, என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். வழக்கம்போல அவர், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

சின்னவள் முழங்கையால் இடித்தாள். அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"சார், நீங்க கேட்டதை இன்னொரு தடவை கேளுங்க."

"இந்த ரெண்டு பேர்ல பெரியவ யாருன்னு கேட்டேன்."

அம்மா எழுந்து பெரியவளின் தோளில் கையை வைத்தாள்.

"சத்தியமா சொல்றேன் சார். பிறந்ததிலேருந்தே இவதான் பெரியவ."

அதிகாரி எழுதிக்கொண்டார். "அடுத்த வாரமே வந்து சேர்ந்துடும்மா" என்றார்.

"நீயும் உன் உண்மையும்!" என்று முணுமுணுத்தாள் சின்னவள்.

பெரியவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பழக்கமில்லாத விஷயம். கதவைத் திறந்து, தங்கை முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.

வெளியே வந்ததும் சின்னவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். சமாதானம் செய்ய அக்கா பின்னாலேயே ஓடினாள்.

அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "உண்மையைச் சொல்றதுக்கு உனக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?"

பெண்கள் காதுக்கு எட்டாத தூரம் போன பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"பிரசவம் முடிஞ்சு நான் அசந்து தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா, இவ பெரியவ, அவ சின்னவன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க. கூப்பிடத்தானேன்னு நானும் விட்டுட்டேன்."

"நானா சொன்னேன்? இது பெரியது, இது சின்னதுன்னு நர்ஸ்தானே வெளியே வந்து காட்டினாங்க?"

"அவங்க தராசுல போட்டுப் பார்த்துட்டுச் சொன்னாங்க. முதல்ல பிறந்தவ சின்னவதான். அரைக் கிலோ கூட இருந்த பாவத்துக்கு இவ இத்தனை வருஷம் விட்டுக்கொடுத்தா. அந்த அரைக் கிலோவுக்கு இன்னைக்கு ஒண்ணு கிடைச்சிட்டுப் போகட்டுமே."