முயல் போட்ட மூன்றாவது ஓவர்

"மூணாவது ஓவரில் கோட்டைத் தாண்டி ஒரே ஒரு நோ-பால் போடு. ஒரு வயல் முள்ளங்கி உனக்கு" என்றது ஓணான்.

பந்துவீச்சாளரான முயல் அதை விரட்டிவிட்டு, நடந்ததை எல்லோரிடமும் சொல்லியும்விட்டது.

மறுநாள் மூன்றாவது ஓவர். முயலின் பந்தில் ஆட்டின் ஸ்டம்ப் எகிறியது. வெயிலில் கண் கூசிய அம்பயர் ஆந்தை, அவுட் என்று இறக்கையைத் தூக்கியது.

முயல் குனிந்து பார்த்தது. அதன் குதிகால் தடம் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு நகத்தளவு தள்ளி இருந்தது.

"அவுட் இல்லை ஐயா. நோ-பால்."

"முள்ளங்கிக்கு விலைபோயிடுச்சு!" என்று மைதானமே கத்தியது.

ஆந்தைக்குப் பொறுக்கவில்லை. "எனக்கே தெரியலையே, சும்மா இருந்திருக்கலாமே!"

முயல் பந்தைத் தொடையில் தேய்த்தது.

"என் காலுக்குத் தெரியுமே ஐயா."