ஐந்தாவது விளக்கு

கம்ப்யூட்டர் மேசைக்கடியில் தலையை நுழைத்தபடி, ரிப்பேர் பார்க்க வந்த தம்பி கேட்கிறான், "பிரிண்டர் எங்கேக்கா?" தெருவில் பழைய சாமான் வண்டியின் மணி கேட்கிறது. "அதை விடு, போர்ட்டைப் பாரு" என்கிறாள் மருந்துக்கடை அக்கா, மறுபடியும். அவனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிரிண்டர் வயர் செருகும் இடத்தில், தகவல் போகும் கம்பிக்கு ஒன்றாக எட்டுக் குட்டி விளக்குகள் வைத்த சோதனைப் பலகையைச் செருகுகிறான். காலையில் வேறொரு கம்ப்யூட்டரில் எட்டும் எரிந்த பலகை அது. இங்கே ஏழு பளிச்சென்று எரிகின்றன. ஐந்தாவது அசைந்துகொடுக்கவில்லை. பிடுங்கி, ஊதி, மீண்டும் செருகுகிறான். அதே இருட்டு. "போர்ட்தான் போயிருக்கு. பிரிண்டர் மேல பழி போட்டியே, அதைக் கொண்டா." அக்கா வாசலை எட்டிப் பார்க்கிறாள். மணியோசை தெருக்கோடியில் தேய்கிறது. தம்பி மேசைக்கடியிலிருந்து நிமிர்ந்து, "அடிப்பாவி, பழைய சாமான்காரன்கிட்ட வயரோடயா எடைக்குப் போட்டே?" என்னும்போது, அக்கா ஒற்றைச் செருப்போடு தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.