வாத்துக்குஞ்சுக்கு ஃபேன் ஆகாது

"அத்தா, உங்களுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

காளவாசலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த நாஸியா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்த ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனில் சொன்னது பொய்யில்லை.

அம்மா ஜெயினம்பு படுத்திருந்த அறையில், கட்டிலை ஒட்டியே ஒரு அட்டைப் பெட்டி. அதற்கு மேலே குண்டு பல்பு. உள்ளே மஞ்சள் மஞ்சளாய் வாத்துக்குஞ்சுகள். ஒரே கீச்சு கீச்சு. வாடை வேறு.

"நேத்துதான்மா முட்டையிலருந்து வெளிய வந்துச்சுக. அழகர்கோவில் பக்கம் தெரிஞ்சவர் குடுத்தாரு" என்றார் அத்தா பக்கீர் முகமது.

"சின்னம்மா மவுத்தானதுலருந்து அம்மா செவத்தையே பாத்துப் படுத்துக் கெடக்கு. கூடப்பொறந்தவ போன துக்கம், ஒரு வாய் கஞ்சி இறங்க மாட்டேங்குது. நீங்க என்னடான்னா அது தலமாட்டுல வாத்து வளக்குறீங்க! ஊரே சிரிக்குது."

அத்தா பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு வெக்கையில கெடக்குதுக, பாவம்" என்று ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

"ஃபேன் போடாதீங்க. குஞ்சு வெறச்சுப் போகும்."

நாஸியா சட்டென்று திரும்பினாள். பேசியது அம்மா! யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காத அம்மா.

"அப்படியா? எனக்கென்ன தெரியும்?" ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே போன அத்தா, பெரிய பேசின் நிறையத் தண்ணீரோடு வந்தார். ஒரு குஞ்சை எடுத்துத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீந்த விட்டுப் பாப்பமா?"

"யா அல்லாஹ்! இங்க குடுங்க!"

ஜெயினம்பு போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். குஞ்சைப் பிடுங்கி முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

"தாய் இல்லாத குஞ்சு, நனைஞ்சா செத்துப் போகாதா? குடிக்கிறதுக்குத் தட்டுல கொஞ்சூண்டு வச்சாப் போதும். அடியில ஏன் பேப்பர விரிச்சீங்க? வழுக்கிக் கால் பெரண்டுரும். போய்ச் சாக்கு எடுத்துட்டு வாங்க!"

வாங்கிக் கட்டிக்கொண்டு அத்தா கொல்லைப்பக்கம் போனார்.

ஜெயினம்பு தரையில் உட்கார்ந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாய்த் தடவிக் கொடுத்தாள். "நாஸியா, கஞ்சி இருந்தா எனக்குங் கொஞ்சம் ஊத்திக் கொண்டாம்மா."

நாஸியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்தாள். ஆனாலும் அத்தா மேல் கோபம் தீரவில்லை.

"வளையல் கடையத் தவிர அத்தாவுக்கு என்ன தெரியும்? விவரமில்லாம இதுகளச் சாகடிச்சிருவாரு. வேற யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லுங்கம்மா."

ஜெயினம்பு கொல்லைப்பக்கத்து வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு மகளைக் கிட்டே இழுத்தாள்.

"மெதுவாப் பேசுடி. நான் கண்டுபிடிச்சிட்டேன்னு அவருக்குத் தெரிய வேணாம். நீ பொறக்குறதுக்கு முன்னாடி, எழுமலையில நாங்க இருந்தப்ப, எனக்கு வாத்துக்குஞ்சு வளக்கக் கத்துக்குடுத்ததே உங்க அத்தாதான்."