சாம்பல் தொட்ட முடிச்சு

வேப்பமர நிழலில் நிற்கிற பழைய காருக்குள் மல்லாந்து படுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறான் எலெக்ட்ரீஷியன் பரசுராமன். ரேடியோ ஒரு வரி பாடுகிறது, கரகரக்கிறது, ஓய்ந்துபோகிறது. தான் எப்போதும் உட்காரும் இடப்பக்க சீட்டில் கமலவேணி உட்கார்ந்திருக்கிறாள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். “யாரும்மா இந்த ஒயர முடிச்சது? சாம்பல் தொட்டு முறுக்கி வச்சிக்கிறாங்க, தறியில பட்டுப் பாவு இழைய புணைக்கிற மாதிரி. கரண்டு எப்படிமா போவும்?” சிரித்துக்கொண்டே கட்டரை எடுக்கிறான். “அவருதாம்பா,” என்கிறாள். இந்த ஆடி வந்தால் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். தறியில் இழை சேர்க்கிற கை, இவள் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டாள் என்று ஒயரையும் அப்படியே சேர்த்திருக்கிறது. “அத்த வெட்டாதப்பா. பக்கத்துல வேற ஒயர் போட்டுக்க.” அவன் சிரிப்பு நின்றுவிடுகிறது. புது ஒயர் சேர்ந்ததும் பாட்டு தடங்கலில்லாமல் வருகிறது. அவள் காதில் அது விழவில்லை. கையை அடியில் நீட்டி, இனி எதற்கும் ஆகாத அந்த முடிச்சைத் தடவுகிறாள். விரல் நுனியில் கொஞ்சம் சாம்பல் ஒட்டுகிறது. துடைக்க மனமில்லாமல் விரலை மடித்துக்கொள்கிறாள்.