யாரும் பிரிக்காத புத்தகம்

அமெரிக்காவில் ஒரு பழைய பதிப்பகம். சமையல், சட்டம், பறவைகள், கொலைக் கதை என்று எல்லாவற்றையும் அச்சிடும். அதன் கிடங்கில் ஒரு துப்பறியும் நாவலும் ஒரு கவிதைப் புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"உன்னை யார் வாங்கப் போகிறார்கள்?" என்று நாவல் அடிக்கடி சிரிக்கும்.

ஒருநாள், விற்காத புத்தகங்களைக் காகிதக் கூழாக்கக் கொண்டுபோக லாரி வந்தது. ஆட்கள் எதிர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னை இதுவரை யாரும் பிரித்ததே இல்லை. நீயாவது ஒரு கவிதை கேட்கிறாயா?" என்றது கவிதைப் புத்தகம்.

நாவலுக்குச் சிரிப்பு வரவில்லை. "சொல்லு" என்றது.

"பனி மூடிய முற்றத்தில் உன் காலடிகள் வெளியே போகின்றன..."

அதற்குள் ஒரு கை கவிதைப் புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் போட்டது.

மறுவாரம் அந்த இடத்துக்கு ஒரு புதிய சமையல் புத்தகம் வந்தது. "இங்கே முன்பு யார் இருந்தது?" என்று கேட்டது.

நாவல் அந்த வரியைச் சொன்னது.

"அழகாக இருக்கிறதே! அப்புறம்?"



"தெரியாது. அதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள்" என்றது நாவல்.